நெட்ல கெடந்துச்சு, எடுத்தேன்!

(பட்டிமன்றத் தலைப்பு: இணையத்தில் ஓவியரைக் காப்பது கணினிப் பூட்டா, சட்டமா? இடம்: கூடலூர். ‘சட்டமே’ அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கலையாமல் இருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே!

எனக்கு முன்னாடி பேசின தங்கச்சி அழகாச் சொன்னாங்க. ‘படத்தைச் சின்ன அளவுல போடு, நடுவுல பேரை வாட்டர்மார்க்கா போடு, ரைட் கிளிக்கை நிறுத்து, முடிஞ்சது வேலை’ன்னு. சரிம்மா, ரைட் கிளிக்கை நிறுத்திட்டே. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவனை என்ன பண்ணுவே? அதையும் நிறுத்தினா, இன்னொரு செல்போனை வச்சு அந்தத் திரையையே போட்டோ எடுக்கிறானே! வாட்டர்மார்க்கை அழிச்சுக் கொடுக்கிறதுக்குன்னே இப்ப சாப்ட்வேர் இருக்கு.

ஐயா, பூட்டைப் பத்தி வேற ஊர்ல பேசலாம். கூடலூர்ல பேசலாமா? (சிரிப்பு) அகழி வெட்டிப் பார்த்தோம், சோலார் மின்வேலி போட்டுப் பார்த்தோம். யானை என்ன பண்ணுது? பக்கத்து மரத்தைத் தள்ளி வேலி மேல சாய்ச்சுட்டு, அது பாட்டுக்கு வாழைத் தோட்டத்துக்குள்ள போகுது. (கைதட்டல்) யானைக்கே இவ்வளவு தெரியும்போது படம் திருடறவனுக்குத் தெரியாதா? வேலியே வேண்டாம்னு நான் சொல்லலை. வேலி கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான்.

எங்க அக்கா மகன் டேப்லெட்ல படம் வரையறவன். மூடுபனிக்குள்ள, தேயிலைச் சரிவுல ஒத்தை யானை. இடது காது ஓரம் கிழிஞ்சிருக்கும். பதினோரு ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சான். ‘ராத்திரி பூரா என்னடா நோண்டறே’ன்னு அக்கா திட்டாத நாள் இல்லை. மூலையில பேரெழுதி இணையத்துல போட்டான். மூணு மாசம் கழிச்சு ஊட்டியில ஒரு கடையில பனியன் தொங்குது. அதே யானை, அதே காது. இவன் பேர் இருந்த மூலையை மட்டும் காணோம். கடைக்காரர்கிட்ட கேட்டா, ‘நெட்ல கெடந்துச்சுன்னு பிரிண்ட் போடறவன் எடுத்திருப்பான் தம்பி’ங்கிறார்.

கெடந்துச்சாம்! நடுவட்டம் வழியா ஊட்டிக்குப் போறோம். ரோட்டோரம் தேயிலை, வேலியில்லை, கொழுந்து கைக்கெட்டுது. பஸ்ஸை நிறுத்தி ஒரு மூட்டை பறிச்சுட்டு, ‘ரோட்டுல கெடந்துச்சு, எடுத்தேன்’னு சொல்லிப் பாருங்களேன்! (பலத்த கைதட்டல்)

பையன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. ‘மாமா, பதிவு கிதிவு எதுவும் பண்ணலையே, என் படம்னு எப்படிச் சொல்றது?’ன்னான். அங்கதான் சட்டம் வருது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். படைச்ச அந்த நிமிஷமே உரிமை வந்துடுது. பதிவு கட்டாயமில்லை; இருந்தா சாட்சியா உதவும். வரைஞ்சவர் வாழ்நாள் முழுக்க, அதுக்கப்புறம் இன்னும் 60 வருஷம். 57-ஆம் பிரிவு இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு. படத்தையே வித்துட்டாலும், ‘இது நான் வரைஞ்சது’ன்னு சொல்ற உரிமை கலைஞனை விட்டுப் போகாது. 2012-ல திருத்தினப்போ, படைப்போட சேர்ந்திருக்கிற பேர், உரிமை விவரங்களைத் தெரிஞ்சே அழிச்சா இரண்டு வருஷம் வரைக்கும் சிறைன்னு சேர்த்தாங்க.

சாட்சிக்கு எங்கே போறதுன்னு தங்கச்சி கேட்பாங்க. சாட்சி பையன்கிட்டதான் இருக்கு. கணினியில வரையறப்போ வானம் ஒரு அடுக்கு, மூடுபனி ஒரு அடுக்கு, யானையோட கோடு ஒரு அடுக்கு. திருடினவன்கிட்ட தட்டையா ஒரே படம்தான் இருக்கும். அடுக்கடுக்கா இருக்கிற மூலக் கோப்பு வரைஞ்சவன்கிட்டதான் இருக்கும். அதை யாருக்கும் அனுப்பாதீங்க, அம்மா கேட்டாலும்! (சிரிப்பு)

பனியன் வித்த இணையதளத்துக்கு எழுத்துல புகார் அனுப்பினான். முறையா புகார் வந்தா 36 மணி நேரத்துக்குள்ள அவங்க நடவடிக்கை எடுக்கணும். 21 நாளுக்குள்ள நாம கோர்ட் உத்தரவு கொண்டு வரலைன்னா திரும்பப் போட்டுக்கலாம். அதுதான் விதி. பனியன் போச்சு. ஆனா பத்தே நாள்ல வேற பேர்ல வேற ஆள் போட்டுட்டான். எதிரணி சிரிக்கிறாங்க. சிரிங்க. மறுபடியும் எழுதினான்.

சட்டத்துல ஓட்டையே இல்லைன்னு நான் சாதிக்கலை. இதே நீலகிரியில தோடர் அம்மாமாருங்க வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்புமா நூல் எடுக்கிறாங்களே, அது ஒருத்தர் கண்டுபிடிச்சதில்லை, தலைமுறை தலைமுறையா வந்தது. காப்புரிமை அதுக்குப் பொருந்தாது. அதனாலதான் 2013-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அப்புறம் 2025 மார்ச்சுல ஊரே ஜப்பான் ஜிப்ளி ஸ்டுடியோ பாணியில செயற்கை நுண்ணறிவை விட்டுப் படம் போட்டுக்கிட்டது. எங்க மாமியாரே அதுல சாந்தமா இருந்தாங்க. (சிரிப்பு) ஒரு பாணிக்குன்னு தனியாக் காப்புரிமை கிடையாது. அதை ஒத்துக்கிறேன். ஆனா அந்த இடத்துல உங்க வாட்டர்மார்க் மட்டும் என்ன கிழிச்சுது?

மணி அடிச்சிட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை ஐயா. பையன் இப்ப நாலாவது புகார் எழுதிக்கிட்டிருக்கான். இங்க இருக்கிறவங்க யாராவது இடது காது கிழிஞ்ச யானைப் பனியனை எங்கேயாவது பார்த்தீங்கன்னா, மேடைக்குப் பின்னாடி வந்து கடை பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க.