எடையிட்ட எண்ணிக்கை
(பல்லடத்தில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொலைக்காட்சியில் எதனை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று வீடுதோறும் சென்று வினவுதல் இயலாது. 2015ஆம் ஆண்டு முதல் 'பார்க்' என்னும் ஸ்தாபனம் சில வீடுகளில் மட்டும் மானி அமைத்து இதனைக் கணித்து வருகின்றது. 2020இல் அதன் மதிப்பின்படி தொலைக்காட்சியுள்ள இந்திய வீடுகள் சுமார் 21 கோடி. மானி வைத்த வீடுகளோ சுமார் 44,000. ஆகவே ஒரு வீடு சராசரியாக 4,700க்கு மேற்பட்ட வீடுகளின் சார்பாகப் பேசிற்று.

அங்ஙனம் பேசும் வீடுகள் தேசத்தின் அமைப்பை ஒத்திராவிடின் என் செய்வது? அதற்கே எடையிடல் என்னும் யுக்தி ஏற்பட்டது. நூறு வீடுகளைக் கேட்டதில் 70 நகரத்தன, 30 கிராமத்தன என்க. மெய்யான விகிதம் நாற்பதுக்கு அறுபதாயின், கிராம வீடு ஒவ்வொன்றையும் இரண்டாகவும், நகர வீட்டை ஏறக்குறைய 0.57 ஆகவும் கொள்ளுதல் வேண்டும். வயது, பால், கல்வி முதலியவற்றிற்கும் இம்முறையே. கறிக்கோழியைத் தலையெண்ணாது நிறுத்து விற்கும் நம் ஊராருக்கு இஃது அரிய விஷயமன்று.

பெருந்தொகை மாத்திரம் உண்மையைத் தந்துவிடாது. அமெரிக்காவில் 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிச் சீட்டுகள் அனுப்பி, இருபது இலட்சத்திற்கு மேல் விடை பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டாரும் உடையவர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களைத் திரட்டியதும், விடையனுப்பாதோர் பலராயிருந்ததும் அதனைக் கவிழ்த்தன. மிகச் சிலரையே கேட்ட காலப் என்பவர் ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகவே கூறினார்.

நிற்க. எடைக்கும் எல்லையுண்டு. பூஜ்யத்தை எதனாற் பெருக்கினும் பூஜ்யமே. விசைத்தறிக் கூடங்களை அடுத்த அறைகளில் வாழும் வடநாட்டுத் தொழிலாளருள் ஒருவரையும் கேளாவிடின், எக்கணிதமும் அவர் குரலை உண்டாக்காது. ஒருவரை மட்டும் கேட்டுப் பதின்மடங்கு எடை தந்தாலோ, அவருடைய தனி விருப்பமே பதின்மர் விருப்பமாகிவிடும்.

மேலும், நிறுக்கும் படிக்கல்லே பழையது. 2021இல் நிகழவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு அவ்வாண்டில் நிகழவில்லை. 2027ஆம் ஆண்டுக் கணக்கிற்கு 2025 ஜூனில்தான் அறிவிப்பு வெளியாயிற்று. 2011இன் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய திருப்பூரையும் பல்லடத்தையும் நிறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் இல்லங்களில் வேறொரு குறை காண்கிறேன். வினவ வருவோருக்குப் பெரியவர் ஒருவரே அனைவர்க்குமாக விடையளித்துவிடுகிறார். பெண்ணின் பெயரால் ஆடவர் கூறிய விடை பெண்ணின் விடையாகவே பதிவாகிறது. அதனை எவ்வெடையும் திருத்தாது. நாளை நம் சங்கமே இப்பத்திரிகையைப் பற்றிப் படிவம் அனுப்புமாயின், மருமகள்மாரும் பேத்திமாரும் தம் கையாலேயே எழுதி அனுப்பட்டும். இத்தகைய சொற்பொழிவுகளைத் தாம் வாசிப்பதேயில்லை என்று அவர்கள் எழுதினும், பத்திராதிபர் அதனை அவ்வாறே எண்ணிக்கொள்வாராக.