பழுதும் தலைவிதியும்

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



யந்திரங்களில் உண்டாகும் பழுதை முன்கூட்டி அறிவது பற்றிப் பேசும்படி நாம் கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கின்றோம். இதற்கு உதாரணம் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. உங்களூர் ரயில்வே ஸ்டேஷனே போதும்.

2023-ம் வருடம் டிசம்பர் 17-ந் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கே நிறுத்தப்பட்டது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் வாரிக் கொண்டுபோக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. வண்டியில் சுமார் 800 பேர். பாதை கெட்ட சேதி எட்டியதும் வண்டியை விடாமல் நிறுத்தியதால் அவ்வளவு பேரும் பிழைத்தார்கள்.

“முருகன் காப்பாற்றினான்” என்பார் சிலர். அப்படியானால் 1956-ம் வருடம் நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் நடந்ததற்கு என்ன சமாதானம்? அதுவும் தூத்துக்குடி வண்டி. அதுவும் மழை வெள்ளம். மருதையாற்றில் வண்டி விழுந்து 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். அந்த வண்டியில் பக்தர்களே இல்லையா? வித்தியாசம் ஒன்றுதான். இங்கே பழுது முன்னே தெரிந்தது. அங்கே விழுந்த பின் தெரிந்தது.

ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். ஒரு யந்திரத்திற்கு 100 உறுப்புகள். எது கெட்டாலும் யந்திரம் நின்றுவிடும். ஒவ்வொன்றும் 100 தடவைக்கு 99 தடவை சரியாக வேலை செய்யும். முழு யந்திரமும் 99 தடவை ஓடுமென்பீர்கள். இல்லை, சுமார் 37 தடவைதான் ஓடும். ஆகவே பெரிய ஆலையில் பழுது வருவது அதிசயமல்ல. வராதிருந்தால், யாரோ கண்விழித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒருவர் பத்துப் பழுதில் ஒன்றைத் தவறவிட்டால், இருவர் தனித்தனியே பார்க்கையில் நூற்றில் ஒன்றுதான் தப்பும். ஆனால் முதல்வர் எழுதியதைப் பார்த்து இரண்டாமவர் கையெழுத்துப் போட்டால், இருவரும் ஒருவரே! 1984-ல் போபால் விஷவாயு ஆலையில் காவல்களுக்குக் குறைவில்லை. ஆனால் குளிர்விக்கும் யந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. பெயரளவில் இருக்கும் காவல், காவலே அல்ல.

ஆயுதபூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிறீர்களே, அந்தக் கை மற்ற 364 நாளும் பேரிங் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்ததா? “விதி” என்று சொன்ன மாத்திரத்தில், யார் பார்க்கத் தவறினார், ஏன் ஆளைக் குறைத்தார்கள் என்ற கேள்விகளெல்லாம் செத்துப் போகின்றன. அதனால் லாபம் அடைவது யார் என்று யோசியுங்கள்!

மழை இரவில் தண்டவாளத்தோடு நடந்து பார்க்கும் தொழிலாளிக்கு நம் கும்பிடு வேண்டாம். போதிய துணையாளும், நல்ல விளக்கும், “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரமும் கொடுங்கள். உயிரைக் காப்பது அதுவே என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம்.