இரு தோழிகளும் ஓர் இரட்டைத் திருமணமும்

சார்லட் பிரான்ட்டியின் ‘ஷெர்லி’ 1849 அக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘ஜேன் அயர்’ அவருடைய புனைபெயரை இங்கிலாந்து முழுவதும் பேசவைத்திருந்தது. அதே சூட்டோடு இன்னொரு காதல் கதையை எதிர்பார்த்தவர்களுக்கு இந்த நாவல் ஏமாற்றமே தந்தது. இன்று படிப்பவரும் ஏமாறுகிறார். காரணம் மட்டும் வேறு.

கதை நடப்பது யார்க்‌ஷயரில், 1811-12இல். நெப்போலியனோடு போர் நடக்கிறது. வணிகத் தடையால் கம்பளித் துணி தேங்கிக் கிடக்கிறது. புதிய இயந்திரங்கள் பிழைப்பைப் பறிப்பதாகக் கொதித்த லட்டைட் தொழிலாளர்கள் ஆலைகளைத் தாக்குகிறார்கள். தொடக்க அத்தியாயங்களில் உதவிப் பாதிரிமார்களின் சாப்பாட்டுச் சண்டையும் ஆலை முதலாளியின் கடன் கவலையும்தான். கதையில் ஒருமை இல்லை என்று விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் 1850இல் ‘எடின்பரோ ரிவ்யூ’ இதழில் குறை சொன்னார். தவறான குறையல்ல.

நாவலுக்குப் பெயர் தந்த ஷெர்லி கீல்டர் வருவதே பதினோராவது அத்தியாயத்தில். பெற்றோர் ஆண்பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயர், சொந்த நிலம், யாருக்கும் அஞ்சாத பேச்சு என்று அவள் நுழைந்ததும் நாவலுக்கு உயிர் வருகிறது. கரோலின் ஹெல்ஸ்டன் அவளுக்கு நேர்மாறு: தந்தையின் உடன்பிறந்தவரான பாதிரியாரின் வீட்டில் வளர்பவள், வேலைக்குப் போகக்கூட அனுமதி இல்லை, ஆலை முதலாளி ராபர்ட் மூர் மீது சொல்லாத காதல். இவ்விருவரின் நட்பைத்தான் பிரான்ட்டி மிக நன்றாக எழுதியிருக்கிறார். ஒரு மாலையில் எல்லாரும் தேவாலயத்துக்குள் போக, இவர்கள் மட்டும் வெளியே கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறார்கள். கவிஞர் மில்டனுக்கு ஏவாளைத் தெரியாது, தன் வீட்டுச் சமையற்காரியைத்தான் தெரியும் என்கிறாள் ஷெர்லி. அதே இரவில் ஆலை தாக்கப்படுகிறது. எச்சரிக்க ஓடிய இருவரும் நேரம் தப்பிப்போய், மேட்டில் நின்று துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்கிறார்கள். ராபர்ட்டிடம் ஓடத் துடிக்கும் கரோலினை ஷெர்லி பிடித்து நிறுத்துகிறாள். ஆண்களின் சண்டையைப் பெண்கள் தொலைவிலிருந்து பார்க்கும் இந்த அத்தியாயத்துக்காகவே நாவலைப் படிக்கலாம்.

அதன் பிறகு நட்பு தேய்கிறது. ராபர்ட் ஷெர்லியை மணப்பான் என்று எண்ணிய கரோலின் வாய் திறவாமல் நோயில் விழுகிறாள். அவளைப் பிழைக்கவைப்பது தோழி அல்ல. பணிப்பெண்போல் உடனிருந்து, திடீரென்று பெற்ற தாயென்று தெரியவரும் மிஸஸ் ப்ரையர். ராபர்ட் பணத்துக்காக ஷெர்லியை மணக்கக் கேட்கிறான், கோபத்தோடு மறுக்கப்படுகிறான். பாதிக் கதை தாண்டிய பின் அவனுடைய தம்பி லூயி, ஷெர்லியின் பழைய ஆசிரியர், வந்து சேர்கிறார். தன்னை அடக்கி நடத்தும் கணவனே வேண்டும் என்கிறாள் ஷெர்லி. மில்டனை மடக்கிய பெண்ணின் வாயில் இந்தப் பேச்சு ஒட்டவே இல்லை. கடைசியில் ஒரே நாளில் இரண்டு திருமணங்கள். தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியவை சொல்லப்படாமலே நின்றுவிடுகின்றன.

நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதே பிரான்ட்டி தம்பி பிரான்வெல்லை 1848 செப்டம்பரிலும், தங்கை எமிலியை டிசம்பரிலும், கடைசித் தங்கை ஆன் பிரான்ட்டியை 1849 மே மாதத்திலும் பறிகொடுத்தார். எமிலி உடல்நலமும் செல்வமும் பெற்றிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ, அதுவே ஷெர்லி என்று அவர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் கேஸ்கல் குறிப்பிட்டிருக்கிறார். கரோலினின் நோயும் அவள் பிழைப்பதும் நம்மைத் தொடுவதற்கு இந்தத் துயரம் காரணமாக இருக்கலாம். லூயி மூரை அது நியாயப்படுத்தாது.

பிரான்ட்டியின் பள்ளித் தோழி மேரி டெய்லர் அப்போது நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்தார். அவர் நாவலின் சில பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, பெண்கள் உழைத்துப் பிழைப்பதைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியதற்காகத் தோழியைக் கடிதத்திலேயே கடிந்துகொண்டார். அவரும் யார்க்‌ஷயர்ப் பெண்களின் நட்பைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ‘மிஸ் மைல்ஸ்’ என்ற அது 1890இல்தான் அச்சேறியது. அதில் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து, சொந்த உழைப்பில் நிற்கிறார்கள்.