நிரலை அலகிடுதல்



கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணுங்கால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கின் 17. இதனைக் கணினிக்குக் கற்பிக்க விழைவோர் முதலில் நம் ஊர்ப் பெயரையே கொடுத்துப் பார்க்கலாம். 'புதுக்கோட்டை': ஒற்று நீங்க நான்கெழுத்து. சி மொழியில் நீளம் காணும் செயற்கூறோ 36 என்னும்! தமிழாசிரியர் கேட்டால் சினம் கொள்வார்.

நிரலைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை. எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதை மெய்ப்புத் திருத்துவோர் அறிவர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் உருவாக்கிய 'ஜிடிபி' என்னும் பிழைநீக்கி இங்கே உதவும். அதில் படமில்லை, பொத்தானில்லை; கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும். 'பிரேக்' என்றால் குறித்த வரியில் நிரல் நிற்கும். 'நெக்ஸ்ட்' என்றால் ஒரு வரி நகரும். 'பிரிண்ட்' என்றால் அக்கணத்தில் நினைவகத்தில் இருப்பதைக் காட்டும். சீர்சீராக நிறுத்தி நாம் அலகிடுவதும் இவ்வாறே.

அங்ஙனம் நிறுத்தி நோக்கின், 'பு' என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டாய்க் கிடக்கிறது. மெய்யின் புள்ளியும் தனிக்குறியே. ஆறெழுத்துப் பெயர் 12 குறிகளாகிறது; யுடிஎப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டு. நிரல் எண்ணியது பைட்டுகளை. உயிர்க்குறியை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து, புள்ளி பெற்றதை விலக்கும் வரிகளை எழுதிச் சேர்த்தபின், மீண்டும் 'பிரிண்ட்' என்றால் விடை 4.