இணைப்பை எதிர்த்த மின்ஸ்க் வீதிகள்

பெலாரஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று விடுதலையை அறிவித்தது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பட்டைக் கொடி அதன் தேசியக் கொடியாயிற்று. 1918இல் சில மாதங்களே நிலைத்த முதல் குடியரசு ஏற்றிய கொடி அது. 1994இல் அதிபரான அலெக்சாந்தர் லூகாஷென்கோ மறு ஆண்டே வாக்கெடுப்பு நடத்தி அதை இறக்கினார். ரஷ்ய மொழிக்குச் சம உரிமையும், ரஷ்யாவுடன் பொருளாதார இணைப்பும் அதே வாக்கெடுப்பில் வந்தவை. அன்றிலிருந்து பழைய கொடி எதிர்ப்பின் அடையாளம்.

1996 ஏப்ரல் 2 அன்று லூகாஷென்கோவும் ரஷ்ய அதிபர் யெல்த்சினும் இரு நாட்டுக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தலைநகர் மின்ஸ்க் கொந்தளித்தது. அம்மாதம் 26ஆம் தேதி செர்னோபில் விபத்தின் பத்தாம் ஆண்டு நினைவு ஊர்வலம். அணு உலை இருந்தது உக்ரைனில். கதிர்வீச்சுத் தூசியில் பெரும்பங்கு படிந்ததோ பெலாரஸ் மண்ணில். விபத்தை மறைத்த மாஸ்கோவிடமே நாட்டை மறுபடி ஒப்படைப்பதா என்ற கோபம் அஞ்சலியோடு கலந்தது. பல்லாயிரம் பேர் திரண்டார்கள். போலீசோடு கடும் மோதல் மூண்டது.

1999 டிசம்பர் 8 அன்று 'ஒன்றிய அரசு' ஒப்பந்தம் வந்தது. பொது நாணயம், பொது நாடாளுமன்றம் எல்லாம் ஏட்டளவில் நின்றன. பெலாரஸ் ரஷ்யக் கூட்டாட்சிக்குள்ளேயே சேர்ந்துவிடலாம் என்று 2002இல் ரஷ்ய அதிபர் புதின் சொன்னபோது லூகாஷென்கோவே மறுத்தார். மலிவு எண்ணெயும் எரிவாயுவும் அவருக்கு வேண்டும். நாற்காலியை விட்டுத்தர மனமில்லை.

2018 இறுதியில் ரஷ்யா பிடியை இறுக்கியது. சலுகை வேண்டுமானால் இணைப்பு ஆழமாக வேண்டும் என்றது. 2019 முழுவதும் நடந்த பேச்சின் வரைவுகள் மக்கள் பார்வைக்கு வரவில்லை. தங்கள் நாட்டின் எதிர்காலத்தைத் தங்களுக்குத் தெரியாமல் பேசுகிறார்கள் என்பதே பெரிய காயம். டிசம்பர் 7 அன்று சோச்சியிலும், 20 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் அதிபர்கள் சந்தித்தபோது மின்ஸ்கில் மக்கள் பழைய கொடியோடு வீதியில் இறங்கினார்கள். 1996ஐப் போலப் பெருங்கூட்டம் இல்லை. ஆனால் அனுமதியில்லாத ஊர்வலத்தில் நிற்பவர் சிறைக்கும் தயாராகவே வந்தார். இரு சந்திப்பிலும் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

2020 அதிபர் தேர்தலுக்குப் பின் எழுந்த பெரும் போராட்டத்தை லூகாஷென்கோ ரஷ்ய ஆதரவோடு ஒடுக்கினார். அதற்கு விலை கொடுத்தது நாடு. 2021 நவம்பர் 4 அன்று 28 இணைப்புத் திட்டங்கள் ஒப்புதல் பெற்றன. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் பெலாரஸ் வழியாகவும் உக்ரைனுக்குள் புகுந்தன. மூன்று நாள் கழித்து நடந்த அரசியல் சட்ட வாக்கெடுப்பின்போது வாக்குச்சாவடிகளிலேயே மக்கள் போரை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.