எந்த வாசல் வழியாக ஏமாறுகிறோம்?



கைப்பேசி மோசடியில் பணம் இழந்தவரைக் கண்டால், "விவரம் அறியாதவர், ஏமாந்துவிட்டார்" என்று கூறிவிட்டு நகர்கின்றோம். இது சரியன்று. 2024ஆம் ஆண்டில், லூதியானாவின் பெரும் ஜவுளித் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வால் 7 கோடி ரூபாயை இழந்தார். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள், உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் நடித்துக் காட்டினர். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. அவரிடம் கல்விக்கும் அனுபவத்திற்கும் குறைவில்லை. அச்சமே அவரை வீழ்த்தியது.

மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுகின்றது. ஏமாறும் வாசலும் வேறுபடுகின்றது. நம் ரமணாசிரமம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி கிரிவல நாளில் செங்கம் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு அவசரமே வாசல். "பணம் அனுப்பிவிட்டேன்" என்று பிறர் காட்டும் திரையை அவர் நம்பக் கூடாது. தம் கணக்கில் வரவானதைப் பார்த்த பிறகே பொருளைத் தர வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு, வெளியூராரை எளிதில் நம்பும் குணமே வாசல். "முன்பணம் அனுப்புகிறேன், இக்குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்துங்கள்" என்பான் மோசடிக்காரன். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. அதை அழுத்தினால் நம் பணமே வெளியேறும்.

அதிகாரி என்றாலே நடுங்குகின்ற பெரியவர், அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லட்டும். விரைவில் பொருளீட்ட விரும்பும் இளைஞர், வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை விட்டு விலகட்டும்.

இவை எல்லாவற்றினும் ஆபத்தானது கூச்சம். இழந்ததை உடனே சொல்பவரும் உண்டு. மகன் ஏசுவானே என்று நாட்கணக்கில் மறைப்பவரும் உண்டு. 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் கைமாறிப் போகும் முன் வங்கியில் அதனை முடக்க வாய்ப்புண்டு. நேரம் கடக்கக் கடக்க அவ்வாய்ப்பு குறைகின்றது. ஆகவே, ஏமாந்தவரை ஏசுகின்ற வீடு மோசடிக்காரனுக்கே உதவுகின்றது.

சகோதரர்களே! இன்றிரவு வீட்டில் அமர்ந்து, நம்மில் யாருக்கு எது வாசல் என்று பேசுவோம். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்" என்று பெரியவர்களிடம் வாக்களிப்போம்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.