நம் ஊரும் பிற ஊர்களும்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா என்றால் வெளியூர் சென்றவர்கள் வீடு திரும்புவார்கள். இப்பந்தலில் அமர்ந்திருப்போரில் பலர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவர்கள். வந்தவுடன் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது நாம் அறிந்ததே. "எங்கள் பக்கமெல்லாம் இப்படியா இருக்கிறது?" என்பார் வந்தவர். "தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிற ஊர்தானே உங்கள் ஊர்?" என்பார் இருப்பவர். சிரித்துக்கொண்டே நடக்கும் இந்த வழக்கில் இன்றுவரை தீர்ப்பு வந்ததில்லை. ஆயினும் அதனுள் ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. நம் ஊரைப்பற்றி நாம் என்ன நினைக்கிறோம்?

நெடுங்காலம் கள்ளக்குறிச்சியை அதனிடம் இல்லாதவற்றைக் கொண்டே நாம் அளந்து வந்தோம். ரயில் ஏறச் சின்னசேலம் போக வேண்டியிருந்தது. பெரிய நோய் என்றால் சேலம், இல்லையேல் புதுச்சேரி ஜிப்மர். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கக் கடலூர்; 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் விழுப்புரம். எதற்கும் இன்னொரு ஊரின் வாசலில் நின்றவர்கள் நாம். 2019 நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. குறைகள் யாவும் நீங்கிவிடவில்லை. என்றாலும், நிமிர்ந்து ஊர்ப்பெயர் சொல்லும் காலம் வந்ததென்று மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சிக்கு ஐந்தாண்டு நிறையுமுன் 2024 ஜூன் மாதம் வந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்குக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒப்பாரி. தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற பிள்ளைகளும் உண்டு. அதுவரை கள்ளக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள், "ஓ, அந்த ஊரா!" என்று சொல்லத் தொடங்கினார்கள். வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், "சேலம் பக்கம்", "விழுப்புரம் பக்கம்" என்று சொல்லித் தப்பிக்கப் பழகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பெற்ற ஊரின் பெயரை மறைக்கும் நிலை வந்தது வேதனையல்லவா?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1981இல் பெங்களூரில் விஷச்சாராயத்தால் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரத்தை இன்று யாராவது அதைக்கொண்டு நினைக்கிறார்களா? பெரிய நகருக்கு நூறு அடையாளங்கள் உண்டு. ஒன்று கறைபட்டாலும் மற்றவை அதைத் தாங்கிக்கொள்ளும். சிறிய ஊருக்கோ உலகம் ஒரே ஓர் அடையாளத்தைத்தான் கொடுக்கிறது. மற்றவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வூரார்தாம்.

சொல்வதற்கு நமக்கு என்ன குறை? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் எழக் காரணம் நம் உழவர் விளைவித்த கரும்பு. மரத்துண்டில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் நம் தச்சர்களின் கைத்திறனுக்கு, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்ற பெயரிலேயே 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊர்கள் இரவல் வாங்க முடியாத பெருமை அது. இவற்றைச் சொல்வதால் கருணாபுரத்தின் துயரம் மறையாது, மறையவும் கூடாது. பெருமையையும் துயரத்தையும் சேர்த்துச் சுமப்பவனே ஊர்க்காரன்.

இனி, நம் மேற்கே நிற்கும் மலையைச் சற்று நோக்குவோம். பெரிய நகரத்தார் நம்மை ஏளனமாய்ப் பார்க்கிறார்கள் என்று வருந்துகிறோமே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவருக்குக் கள்ளக்குறிச்சிதான் பெரிய நகரம்! கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் கொண்டுவந்து நிற்கும் அவரை நம் கடைத்தெரு எப்படி அழைக்கிறது? "ஏ மலைக்காரா" என்ற குரல் இன்னும் கேட்கத்தானே செய்கிறது?

மலையாளி என்று வழங்கப்பெறும் அம்மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாய்ச் சொல்லி வருகிறார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் அவர்களுக்குப் பிந்திச் சென்றமைக்கு இது ஒரு காரணம். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மக்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வேலை தேடிக் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு செல்வோரும் அங்குண்டு. அத்தோட்டத்தில் ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டால், அவர்கள் சொல்வதும் நம் மாவட்டத்தின் பெயரைத்தான்.

அம்மலையில் பெய்யும் மழையே கோமுகியாய் இறங்கி அணையில் தேங்கி நம் வயலுக்கு வருகிறது. நம் தட்டில் விழும் சோற்றில் மலையின் பங்கு இருக்கிறது. அப்படியிருக்க, மலையை வேற்றூராய் எண்ணுவது முறையாகுமா?

ஆகவே, அன்பர்களே, இப்பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை நாம் கைக்கொள்வோம். வெளியூரில் யார் கேட்டாலும் கள்ளக்குறிச்சி என்றே சொல்வோம். கருணாபுரத்துப் பிள்ளை பள்ளியில் நம் பிள்ளையின் அருகில் அமர்ந்தால், "எந்தத் தெரு?" என்று கேட்டு அதன் முகத்தை வாடச் செய்யாதிருப்போம். மலையிலிருந்து படிக்கவோ வைத்தியம் பார்க்கவோ வருபவர் வழி கேட்டால், கை நீட்டிக் காட்டுவதோடு நில்லாமல், ஆஸ்பத்திரி வாசல் வரை கூடவே நடந்துசென்று விடுவோம்.

எந்த ஊர் உயர்ந்தது என்ற வழக்கு நடக்கட்டும். விழா விருந்தில் அதுவும் ஒரு சுவை. ஆனால் ஓர் ஊரின் உயர்வை அதன் கட்டடத்தை வைத்து அளப்பதைவிட, அங்கே எளியவர் ஒருவர் அச்சமின்றி எத்தனை வாசல்களில் நின்று தண்ணீர் கேட்க முடியும் என்பதை வைத்து அளப்பதே சரி. அந்த அளவுகோலில் நம் ஊர் எந்த நகரத்துக்கும் குறையாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது.